கள்ளி வேலி

மொட்டைமாடியில் தொட்டி மாற்றும்போது சப்பாத்திக்கள்ளியின் சுணை விரலில் ஏறிவிட்டால் லேசில் போகாது, கண்ணுக்கும் தெரியாது, இடுக்கிக்கும் அகப்படாது, சட்டைப் பொத்தானைப் போடும்போதும் சோற்றைப் பிசையும்போதும் சுருக்கென்று குத்தும், அப்படிக் குத்துகிற ஒவ்வொரு முறையும் எனக்குக் கெடாரில் இருந்த ஆயாவின் மேட்டுக்கொல்லை நினைவுக்கு வந்துவிடுகிறது.

விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை பஸ்ஸில் வந்து கெடாரில் இறங்கி, களத்தில் காயும் மல்லாட்டையின் மண் வாசனையைத் தாண்டி நடந்தால், கொல்லையைச் சுற்றி ஒரு பக்கம் சதுரக்கள்ளியும் மறுபக்கம் சப்பாத்திக்கள்ளியும் ஆள் உயரத்துக்கு நிற்கும், பழம் கருஞ்சிவப்பாகப் பழுத்த நாட்களில் ஆயா கவைக்குச்சியால் ஒவ்வொன்றாகத் திருகி மண்ணில் தள்ளி, கோணிச்சாக்கைப் போட்டு உருட்டி உருட்டிச் சுணையைப் போக்கி, கட்டைவிரல் நகத்தால் பிளந்து, நடுவில் இருக்கும் முள்ளைச் சுண்டி எறிந்த பிறகுதான் எங்கள் கையில் கொடுப்பாள், அவள் விரலின் புகையிலை வாசனையோடு அந்த இனிப்பு உள்ளே இறங்கும், நாக்கும் உதடும் உள்ளங்கையும் சாயந்தரம் வரை சிவந்தே கிடக்கும். அப்படியும் சுணை ஏறினால் தாத்தாவிடம் போக வேண்டும், அவர் எருக்கிலையை ஒடித்துப் பாலைச் சொட்டுவிட்டு, திண்ணையில் சாயும் வெளிச்சத்துக்கு நேராக விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே பேச ஆரம்பிப்பார், பால் காயும்வரை கையை விடமாட்டார்.

அப்படிச் சொன்னதுதான் இது. அவர் சிறுபிள்ளையாக இருந்தபோது கள்ளிக்கெல்லாம் பஞ்சு ஒட்டியதுபோல் வெள்ளை பூத்ததாம், நசுக்கினால் ரத்தமாக வருமாம், கொஞ்ச காலத்தில் புதர் புதராக இருந்ததெல்லாம் அழுகிச் சரிந்துவிட்டதாம், எங்கோ ஓரமாகத் தப்பிய தட்டையிலிருந்துதான் எங்கள் வேலியே வந்ததாம். கட்டுக்கதை என்று நினைத்திருந்தேன், கள்ளிப் பித்து பிடித்து அதைப் பற்றிப் படிக்க ஆரம்பித்த பிறகுதான், நிலத்தை அடைத்துக் கிடந்த சப்பாத்திக்கள்ளியை ஒழிக்க 1926இல் இலங்கையிலிருந்து கொச்சினீல் பூச்சியைத் தென்னிந்தியாவுக்குக் கொண்டுவந்து விட்டார்கள் என்று தெரிந்தது, தாத்தா பார்த்தது அந்தப் பூச்சியைத்தான். அதற்கும் வெகு முன்னால், 18ஆம் நூற்றாண்டின் கடைசியில், கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் சென்னை சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டம் போட்டதும் இந்த இனப் பூச்சியின் சிவப்புச் சாயத்துக்காகத்தான், மெக்சிகோவிலிருந்து ஸ்பெயின்காரர்கள் கட்டிக்காத்த வியாபாரம் அது, 1795இல் கேப்டன் நீல்சன் ரியோ டி ஜெனிரோவிலிருந்து கல்கத்தாவுக்குக் கொண்டுவந்த பூச்சியோ மட்டமான சாயத்தையே தந்தது. செஞ்சிப் பாறைகளோடு கூடவே பிறந்தது என்று நான் நம்பியிருந்த சப்பாத்திக்கள்ளி அமெரிக்காவிலிருந்து கடல் தாண்டி வந்தது என்று அறிந்த அன்று மனசு என்னவோ செய்தது, வேலியின் மறுபக்கத்தில் நின்ற சதுரக்கள்ளிதான் இந்த மண்ணின் சொந்தச் செடி, பழம் தராததால் நாங்கள் அதைத் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை.

செஞ்சியில் ராஜகிரி அடிவாரத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் பாறை இடுக்கிலிருந்து கள்ளிமுளையானைப் பிடுங்கி, துண்டில் துடைத்து, மடியிலிருந்து ஒரு கல் உப்பும் சேர்த்துக் கொடுத்தது நினைவிருக்கிறது, விரல் தடிமனில் சாம்பல் பச்சைத் தண்டு, கடித்ததும் புளிப்பு. "காலையில தின்னா பல்லு கூசும்பா, சாயந்தரமா தின்னு" என்றார். பகலெல்லாம் மூச்சுத்துளைகளை மூடிக்கொண்டு, இரவில் திறந்து காற்றை வாங்கி அமிலமாகச் சேர்த்துவைத்து, மறுநாள் வெயிலில் அதைச் செலவழிக்கிற செடிகள் இவை, அதனால் விடியற்காலையில் புளிப்பு ஏறியும் அந்தியில் இறங்கியும் இருக்கும், தாவரவியல் புத்தகம் எனக்குச் சொல்வதற்கு வெகுகாலம் முன்பே அந்த மனிதரின் பல்லுக்கு அது தெரிந்திருந்தது.

இப்போது கிழக்குக் கடற்கரைச் சாலை நர்சரிகளில் நிற்கும்போது அந்தப் பெரியவர்தான் நினைவுக்கு வருகிறார், பச்சையமே இல்லாத சிவப்பு மஞ்சள் கள்ளி உருண்டைகளை டிராகன் பழக் கொடியின் துண்டில் ஒட்டுக்கட்டி வரிசையாக வைத்திருக்கிறார்கள், சில வருஷங்களில் ஒட்டு விட்டுப்போய்விடும், சில தொட்டிகளில் காய்ந்த பூவைப் பசை வைத்துச் செடியின் உச்சியில் ஒட்டியிருக்கிறார்கள், வாங்குகிறவர்கள் மேஜையில் ஏசிக் காற்றில் வைத்துத் தினமும் தண்ணீர் ஊற்றி அழுகவைக்கிறார்கள். விழுப்புரம் பழக்கடைகளில் அந்த டிராகன் பழமே அட்டைப்பெட்டியில் வந்து இறங்குகிறது, அதுவும் கள்ளிப் பழம்தான், முள்ளும் கிடையாது, சுணையும் கிடையாது, ருசியும் அப்படித்தான்.

நானும் மாமிலேரியா, ஆஸ்ட்ரோஃபைட்டம், ஹாவொர்த்தியா என்று தேடித்தேடி வாங்கியவன், சரளை கலந்த மண்ணில் வைத்து ஐப்பசி மழைக்குத் தார்ப்பாய் கட்டிக் காப்பாற்றியவன், அந்தப் பிரியம் குறையவில்லை, ஆனால் இனிமேல் வாங்குவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். கெடாரில் கொல்லையைச் சுற்றி இன்று சிமெண்ட் தூணும் கம்பியும் நிற்கின்றன, வாய்க்கால் ஓரமெல்லாம் சீமைக்கருவேலம், வேலி இருந்த இடத்தில் ஒரு கள்ளிகூட இல்லை. செஞ்சிப் பக்கத்து உறவினர் கொல்லையிலிருந்து சதுரக்கள்ளிக் கிளைகள் சிலவற்றைக் கேட்டு வாங்கிவந்து, வெட்டுவாய் காய்வதற்காக நிழலில் போட்டுவைத்திருக்கிறேன், காயாமல் நட்டால் அழுகிவிடும். கம்பி வேலி ஓரமாக நட்டுக்கொள்ளட்டுமா என்று பெரியம்மாவிடம் கேட்டேன். "காசு குடுத்து வாங்கி மாடியில வளர்த்தியே, அதெல்லாம் பத்தலையா" என்றவள், கொஞ்ச நேரம் கழித்து அவளே இடத்தைக் காட்டினாள், "அந்தக் கோடியில நடு, இந்தப் பக்கம் வேணாம், புள்ளைங்க வெளையாடுற எடம், பால் கண்ணுல பட்டா அவ்ளோதான்."