இடது கால்

தேரடி வீதியில் எங்களுடையது பாத்திரக் கடை. ஐம்பது வருஷத்துக்கு மேல் பித்தளையைத் தொட்டுத் தொட்டே வாழ்ந்தவன் நான். இருட்டில் தூக்கிப் பார்த்தாலும் பித்தளை எது, முலாம் பூசியது எது என்று கை சொல்லிவிடும். அப்படிப்பட்ட எனக்கு, 2018 ஐப்பசியில் ஒரு நாள் போளூர் சாலை ஓரத்து ஒர்க் ஷாப்பில் பித்தளையைப் பார்த்து வயிறு கலங்கிப்போனது. ஒரு தகரத் தட்டில் கறுத்த கியர் ஆயில். அதன் மேல் வெயில் பட்டதும் பொன் நிறத்தில் பொடி மினுங்கியது. அது என் வண்டியின் கியர் பாக்ஸிலிருந்து வடிந்த எண்ணெய்.

வண்டி 1988 மாடல் அம்பாசிடர், மார்க் 4. 1997-இல் பழசாகத்தான் வாங்கினேன். கியர் லிவர் தரையில் இருக்காது, ஸ்டீயரிங்குக்குக் கீழே பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும். நான்கு கியர். இரண்டு, மூன்று, நான்குக்கு சின்க்ரோ உண்டு, முதல் கியருக்குக் கிடையாது. அதனால் வண்டி முழுக்க நின்ற பிறகுதான் முதல் கியர் போட வேண்டும். முன்னால் பெஞ்சு போல ஒரே சீட்டு. திருமணம், சாவு, பிரசவம், கடைச் சரக்கு என்று எல்லாவற்றுக்கும் அந்த வண்டிதான்.

கோளாறு திடீரென்று வரவில்லை. மூன்றாவதிலிருந்து இரண்டாவதுக்கு வரும்போது ‘கர்ர்’ என்று ஒரு சத்தம் இரண்டு மூன்று வருஷமாகவே இருந்தது. லிவரைக் கொஞ்சம் அழுத்தித் தள்ளினால் விழுந்துவிடும், தள்ளினேன். மறு வருஷம் இன்னும் கொஞ்சம் அழுத்த வேண்டியிருந்தது, அழுத்தினேன். கார்த்திகை தீபம் நெருங்கும் நாட்களில் ஊருக்குள் வண்டி நகராது. செங்கம் சாலையிலிருந்து கோயில் பக்கம் வர முக்கால் மணி நேரம் ஆகும். அந்த ஊர்தலில், கருகிய தாளும் ரப்பரும் சேர்ந்தாற்போல ஒரு நாற்றம் வரும். முப்பது வருஷ வண்டி, வயசாகிவிட்டது என்று நானே காரணம் சொல்லிக்கொண்டேன்.

ஜவ்வாது மலையில் ஒரு கிராமத்துக் கோயிலுக்கு மணி ஒன்று கொடுக்க வேண்டியிருந்தது. போளூர் வழியாக ஜமுனாமரத்தூர் சாலையில் ஏறினோம். மணியை முன் சீட்டில் நடுவில் வைத்து, அந்தப் பக்கம் என் மனைவி உட்கார்ந்திருந்தாள். ஏற்றத்தில் இன்ஜின் கத்துகிறது, வண்டி ஏற மாட்டேன் என்கிறது. அது கிளட்ச் வழுக்குவதன் அடையாளம் என்று பிறகு தெரிந்தது. எப்படியோ போய்ச் சேர்ந்தோம். இறங்கும்போதுதான் ஆபத்து. ஏறிய கியரிலேயே இறங்கு என்பது பழைய டிரைவர்கள் சொல்லிக்கொடுத்த பாடம், அதனால் இரண்டாவதில்தான் இறங்கினேன். ஒரு கொண்டை ஊசி வளைவில் லிவர் தானாகத் துள்ளி நியூட்ரலில் விழுந்தது. இன்ஜின் பிடி விட்டுப்போனது. வண்டி சரிவில் ஓட ஆரம்பித்தது. பிரேக்கை அழுத்தி, மறுபடி கியரைப் போட்டு, அது துள்ளாமல் இருக்க ஒரு கையால் லிவரைப் பிடித்துக்கொண்டே அடிவாரம் வரை வந்தேன். என் மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. கீழே வந்து இறங்கியபோது அவள் உள்ளங்கையில், முன்பலகையைப் பற்றியிருந்த தடம் சிவந்து கிடந்தது.

மெக்கானிக்கை நாங்கள் பாய் என்றுதான் கூப்பிடுவோம். என்னைவிட ஆறேழு வயது குறைவு. வண்டியை நிறுத்தியதும் உடனே கழற்றிவிடவில்லை. இன்ஜினை ஓடவிட்டு, நியூட்ரலில் வைத்து, கிளட்சை மிதிக்காமல் காது கொடுத்தார். ஒரு முனகல் கேட்டது. மிதித்தார், முனகல் நின்றது. “இது கியர் பாக்ஸ் முன் பேரிங்.” இன்னும் ஆழமாக மிதித்தார், வேறு ஒரு கீச்சுச் சத்தம் வந்தது. “இது ரிலீஸ் பேரிங்.” பழைய வண்டி வைத்திருப்பவர்கள் இதை வீட்டு வாசலிலேயே செய்து பார்க்கலாம். காலை எடுத்தால் வரும் சத்தம் வேறு, மிதித்தால் வரும் சத்தம் வேறு. எங்கே செலவு என்பது பாதி புரிந்துவிடும்.

பிறகு என்னையே ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒரு கிலோமீட்டர் போயிருப்போம். அவர் ரோட்டைப் பார்க்கவில்லை, லிவரையும் பார்க்கவில்லை. குனிந்து என் இடது காலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

“மொதலாளி, தப்பா எடுத்துக்காதீங்க. மிதிக்கிறப்ப முழுசா மிதிக்கல. விடுறப்ப முழுசா விடல. உங்க கால் நடுவுலயேதான் நிக்குது.”

இருபது வருஷமாக ஓட்டுகிறேன், ஒருவரும் இதைச் சொன்னதில்லை. பெடல் மேல் கால் வைத்தபடியே ஓட்டுவது என் பழக்கம். எப்போது தேவைப்படுமோ என்ற பயம். அது ஜாக்கிரதை என்று நினைத்திருந்தேன். அந்தக் காலின் எடையே போதும், ரிலீஸ் பேரிங் ஓயாமல் சுற்றித் தேயும்; கிளட்ச் பிளேட் ஃப்ளைவீலை இறுகப் பிடிக்காமல் வழுக்கிக் கருகும். கியர் மாற்றும்போதோ அவசரம், பெடல் அடி வரை போகாது. இன்ஜின் முழுக்கப் பிரியாமல் கியர் மாற்றினால் உள்ளே ஒன்றோடொன்று மோதும். பிடித்ததும் அரைகுறை, விட்டதும் அரைகுறை. இரண்டு கேடும் ஒரே காலிலிருந்து வந்தவை.

மறுநாள் கியர் பாக்ஸை இறக்கினார். ஃப்ளைவீலில் அங்கங்கே நீலம் பாரித்திருந்தது, சூடு தின்ற அடையாளம். எண்ணெயை வடித்த தட்டில் ஒரு காந்தத்தை விட்டுக் கலக்கினார். இரும்புத் தூள் மயிர் போல ஒட்டிக்கொண்டு வந்தது. பொன் நிறப் பொடி வரவில்லை. “இது உங்க சரக்கு” என்று சொல்லி, உள்ளேயிருந்து ஒரு வளையத்தை எடுத்து என் கையில் வைத்தார். சின்க்ரோ ரிங். பித்தளை. பெரிய வளையல் அகலம், வெளியே சின்னச் சின்னப் பற்கள். புது வளையத்தின் உள்பக்கம் நூல் இழை போல வரிவரியாக இருக்குமாம். என்னுடையது விரலை வைத்தால் வழுக்கியது.

சுற்றுகிற தண்டுக்கு ஒரு வேகம், பல் சக்கரத்துக்கு வேறு வேகம். இரண்டும் இரும்பு. நேராகக் கோத்தால் பல் உடையும். நடுவில் இந்த வளையம் போய் உராய்ந்து, இரண்டையும் ஒரே வேகத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான் கியர் சத்தமில்லாமல் விழுகிறது. நான் லிவரை அழுத்தித் தள்ளிய ஒவ்வொரு முறையும் இது கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து எண்ணெயில் கலந்திருக்கிறது. இது தேய்ந்ததும் இரும்பும் இரும்பும் நேராக மோதி, இரண்டாவது கியரின் பல் முனைகள் மழுங்கிவிட்டன. மலையில் கியர் துள்ளியது அதனால்தான்.

“இதையும் இரும்புலயே செஞ்சிருக்கலாமே பாய்?”

“எல்லாமே இரும்பா இருந்தா யாருங்க விட்டுக்குடுக்குறது?”

அவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டுத் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு போனார். நான் அந்த வளையத்தை வைத்துக்கொண்டு ஸ்டூலில் வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன்.

கடையை 2011-இல் மகன் பெயருக்கு மாற்றினேன். பேப்பரில் மாற்றினேன் என்றுதான் சொல்ல வேண்டும். காலை பதினொரு மணிக்குப் போய்க் கல்லாவில் உட்காருவேன். அவன் நாச்சியார்கோவிலுக்குக் குத்துவிளக்கு ஆர்டர் சொல்வான். நான் சாயந்திரம் போன் போட்டு அதைப் பாதியாக்குவேன். 2017-இல் ஜிஎஸ்டி வந்தபோது கணக்கெல்லாம் கம்ப்யூட்டருக்குப் போனது. அதை அவன்தான் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து கற்றுக்கொண்டான். நான் மட்டும் பக்கத்தில் என் நீள நோட்டைத் தனியாக எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் அவன் கேட்டான்: “அப்பா, கடைய எனக்குக் குடுத்தீங்களா, இல்லையா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க.” நான் கோபப்பட்டேன். பதில் சொல்லவில்லை.

இத்தனை வருஷமும் எங்கள் இருவருக்கும் நடுவே போய் வந்தது யார்? என் மனைவிதான். என் வார்த்தையை அவனிடம் கொண்டுபோவாள்: “அப்பாவுக்கு ஒடம்பு முடியலடா, அதான் அப்படிப் பேசிட்டாரு.” அவன் வார்த்தையை என்னிடம் கொண்டுவருவாள்: “அவன் கோவத்துல சொல்லலைங்க, கேட்டான், அவ்வளவுதான்.” என் வேகத்தை அவனுக்கும் அவன் வேகத்தை எனக்கும் பக்குவப்படுத்திக் கொடுத்தாள். கடைசி சில வருஷமாக அதை நிறுத்திவிட்டாள். “நீங்களே பேசிக்குங்க” என்று அடுப்படிக்குள் போய்விடுவாள். அலுப்பு என்று நினைத்தேன். வழவழத்துப்போன அந்த வளையம் என் உள்ளங்கையில் கிடந்தபோதுதான், அது அலுப்பில்லை, தேய்மானம் என்று எனக்கு உறைத்தது. மலையில் அவள் பேசாமல் வந்ததும் நினைவுக்கு வந்தது.

சாமான் கிடைப்பது லேசாக இல்லை. உத்தர்பாராவில் அம்பாசிடர் செய்த ஆலை 2014 மே மாதமே நின்றுவிட்டது. 2017-இல் அந்தப் பெயரையே பெஜோ என்ற பிரெஞ்சு கம்பெனி 80 கோடி ரூபாய்க்கு வாங்கிக்கொண்டது. சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் பழைய ஸ்டாக்காக ரிங்கும் பேரிங்கும் கிடைத்தன. இரண்டாவது கியர் புதுப்பேட்டையில், உடைத்த வண்டி ஒன்றிலிருந்து கிடைத்தது. ஃப்ளைவீலை லேத்தில் கொடுத்து முகம் தேய்த்து வாங்கினோம். பன்னிரண்டு நாள் ஆனது. அந்தப் பன்னிரண்டு நாளும் நான் ஒர்க் ஷாப்பிலேயே இருந்தேன், கடைக்குப் போகவில்லை. தீபத்துக்கு முந்தைய வியாபாரம். கடை நடந்தது, நன்றாகவே நடந்தது.

வண்டி வந்த பிறகு பாய் சொன்னபடி காலைப் பழக்கினேன். அது எளிதில்லை. எழுபதை நெருங்கும் வயதில் ஒரு காலுக்குப் புதுப் பழக்கம் சொல்லிக்கொடுப்பது, குழந்தைக்கு அரிச்சுவடி சொல்லிக்கொடுப்பது போல. கியர் விழுந்ததும் காலைத் தூக்கித் தரையில், பெடலுக்கு இந்தப் பக்கம் வைத்துவிட வேண்டும். மேட்டில் நின்றால் கிளட்சில் தொங்கவிடாமல் ஹேண்ட் பிரேக். அந்த வருஷம் ஏழாம் நாள் மகா ரதம் எங்கள் வீதியில் வந்தபோது, கூட்டத்தோடு நின்று முட்டுக்கட்டை போடுபவர்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். சின்ன வயதிலிருந்து பார்க்கிற காட்சிதான். அத்தனை பெரிய சக்கரத்தின் அடியில் கட்டையைச் செருகுகிறார்கள், செருகிய கணமே கையை எடுத்து விலகுகிறார்கள். பிடித்துக்கொண்டே இருந்தால் கை போய்விடும். தேர் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதை அந்தக் கட்டை பார்த்துக்கொள்கிறது.

தீபம் முடிந்த வாரத்தில் நீள நோட்டை மூடிப் பரணில் போட்டேன். விளக்கு வியாபாரி வழக்கம்போல் எனக்கே போன் செய்தபோது, மகன் நம்பரைச் சொல்லி வைத்துவிட்டேன். என் மனைவியிடம் மட்டும் எதையும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. மகனிடம் சொல்ல வேண்டியதை நானே நேராக அவனிடம் சொல்ல ஆரம்பித்தேன், மெதுவாக. அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

அடுத்த தை மாதம் நாச்சியார்கோவிலுக்கு அந்த வண்டியிலேயே போனோம். மகன் ஓட்டினான். அவன் அம்மா பின் சீட்டில் தூங்கிக்கொண்டு வந்தாள். ஊர் தாண்டியதும் கவனித்தேன், அவன் இடது கால் கிளட்ச் பெடல் மேல் இருந்தது. என்னைப் பார்த்துப் பழகியவன், வேறு எங்கே இருக்கும்?

“கால கீழ வெச்சுக்கோப்பா” என்று ஒரு முறை சொன்னேன். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அரகண்டநல்லூர் தாண்டித் தென்பெண்ணைப் பாலம் வந்தது. மூன்றிலிருந்து இரண்டுக்கு மாற்றினான், சத்தமில்லாமல் விழுந்தது. அவன் கால் எங்கே இருக்கிறது என்று நான் பார்க்கவில்லை.