எழுத்தில் கொடுங்க சார்

2018 மே மாதம் 24-ஆம் தேதி என்று நினைவு. காலையில் வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுத் தம்பி வந்து நின்றார். மாவு மில் வைத்திருப்பவர். அந்த நேரத்துக்குக் கடையை விட்டு வர மாட்டார்.

"அண்ணாச்சி, நீங்க டெலிபோன் டிபார்ட்மெண்ட்லதான இருந்தீய? இந்த நெட்டு எப்பம் வரும்?"

அதற்கு இரண்டு நாள் முன்புதான் தூத்துக்குடியில் துப்பாக்கிச் சூடு. ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தின் நூறாவது நாள் அது. பதின்மூன்று பேர் இறந்து போனார்கள். மறுநாள் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி ஆகிய மூன்று மாவட்டங்களிலும் இணையத்தை நிறுத்தி அரசு உத்தரவு போட்டது. வதந்தி பரவாமல் இருக்கவாம். பாளையங்கோட்டையிலிருந்து தூத்துக்குடி ஐம்பது கிலோமீட்டர். எங்கள் தெருவில் பால்காரரும் பூக்காரம்மாவும் வழக்கம்போல வந்து போய்க்கொண்டிருந்தார்கள். போனில் மட்டும் நெட் இல்லை.

தம்பியின் கவலை வேறு. அவர் மகள் ப்ளஸ் டூ முடித்திருந்தாள். அந்த வருடம்தான் பொறியியல் கவுன்சிலிங் முதன்முதலாக முழுக்க ஆன்லைன் ஆனது. விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி மே 30. தெருமுனை ஜெராக்ஸ் கடைக்காரரும் செல்போன் டேட்டாவை வைத்துத்தான் நெட் ஓட்டிக்கொண்டிருந்தார். அங்கேயும் கை விரித்துவிட்டார்கள். அந்த வீட்டில் முதல் பட்டதாரி ஆகப்போகிற பிள்ளை.

"வந்துரும் தம்பி, கவலைப்படாதீங்க" என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. சொல்லவில்லை. அந்தப் பதிலை நான் ஏற்கனவே ஒரு முறை சொல்லியிருக்கிறேன். அந்தக் கதையைத்தான் இன்று எழுத உட்கார்ந்தேன்.

1974-ல் தந்தி ஆபீசில் டெலகிராபிஸ்ட் ஆக வேலைக்குச் சேர்ந்தேன். வயது இருபது. அந்த வருடம்தான் ரயில்வே வேலைநிறுத்தம் நடந்து ஏராளமான பேருக்கு வேலை போயிருந்தது. சர்க்கார் வேலை என்றால் கல் மேல் எழுத்து என்று அப்பா சொல்லுவார். அந்த எழுத்தும் அழியும் என்று சேர்ந்த புதிதிலேயே பார்த்துவிட்டேன். பயிற்சியில் மோர்ஸ் சொல்லிக்கொடுத்த அளவுக்கு ரகசியம் காப்பதைப் பற்றியும் சொல்லிக்கொடுத்தார்கள். தந்தியில் இருப்பதை வெளியே சொல்லக்கூடாது, மாற்றக்கூடாது, மறைக்கக்கூடாது. 1885-ஆம் வருடத் தந்திச் சட்டம், 26-ஆவது பிரிவு, மூன்று வருடம் வரை சிறை. மனப்பாடம்.

அதே சட்டத்தில் 5-ஆவது பிரிவு என்று ஒன்று உண்டு. பொது நெருக்கடி, பொதுப் பாதுகாப்பு என்று வந்தால் அரசாங்கம் ஒரு தந்தியைத் தடுக்கலாம், நிறுத்தி வைக்கலாம், படிக்கலாம். ஆனால் காரணத்தை எழுதி, உத்தரவாகப் போட வேண்டும். வெள்ளைக்காரன் தன் வசதிக்கு எழுதிய சட்டம், நாமும் அதையே வைத்துக்கொண்டோம். இருந்தாலும் எழுத்தில் வேண்டும் என்பது அதில் இருந்தது. பரீட்சைக்கு அதையும் படித்திருந்தேன். படித்தது சமயத்துக்கு உதவவில்லை.

1976. எமர்ஜென்சி. ஜனவரி 31-ல் மாநில ஆட்சியைக் கலைத்து, கட்சிக்காரர்களை மிசாவில் பிடித்துப் போட்டுக்கொண்டிருந்த நேரம். தெற்கே ஒரு சின்ன ஊரில் இருந்தேன். ஊர் பெயர் வேண்டாம். என் மேலதிகாரி ஒரு நாள் காலையில் கூப்பிட்டார். கைது, போலீஸ், ஜெயில், இந்த மாதிரி வார்த்தை இருக்கிற தந்தியை எல்லாம் முதலில் தன்னிடம் காட்ட வேண்டும் என்றார். "மேல சொல்லிருக்காங்க" என்றார். மேலே என்றால் யார், எந்த உத்தரவு, என்ன நம்பர்? எதுவும் கிடையாது. வாய்மொழிதான்.

இரண்டு நாள் கழித்து ஒரு அம்மா வந்தார். முப்பது வயது இருக்கும், இடுப்பில் ஒரு குழந்தை. எழுதத் தெரியாது, நான்தான் பாரத்தை நிரப்பினேன். பம்பாயில் மாட்டுங்காவில் வேலை பார்க்கும் கணவருக்கு. "பிரதர் அரெஸ்டட் ஸ்டார்ட் இம்மீடியட்லி." முந்தானையிலிருந்து காசை அவிழ்த்து எண்ணிக் கொடுத்தார். ரசீது கொடுத்தேன்.

அந்தத் தாளை அதிகாரியிடம் கொண்டு போனேன். படித்தார். மேஜை டிராயரைத் திறந்து உள்ளே வைத்தார். "இருக்கட்டும்" என்றார்.

"எழுத்தில் கொடுங்க சார்" என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அவர் கெட்ட மனிதர் இல்லை. கேட்டிருந்தால் ஒருவேளை அவரே பயந்துபோய் எடுத்துக் கொடுத்திருப்பார் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை. எனக்கு இன்னும் வேலை நிரந்தரமாகவில்லை. வீட்டில் இரண்டு தங்கைகள்.

மறுநாள் அந்த அம்மா வந்தார். "தந்தி போயிட்டா சார்?"

"போயிட்டும்மா."

அதற்கு மறுநாளும் வந்தார். "பதில் ஒண்ணும் வரலியா சார்?"

"வந்துரும்மா."

மூன்றாம் நாள் சாயங்காலம் அதிகாரி டிராயரைத் திறந்து, "சரி, அனுப்பிரு" என்று தாளைக் கொடுத்தார். ஏன் வைத்தார், ஏன் விட்டார், தெரியாது. அனுப்பினேன். அந்த அம்மா அப்புறம் வரவில்லை. கணவர் வந்தாரா, தம்பியை எந்த ஜெயிலுக்குக் கொண்டு போனார்கள், எதுவும் எனக்குத் தெரியாது. கொஞ்ச நாளில் எனக்கு மாற்றல் வந்துவிட்டது.

இதை என் மனைவியிடம்கூட ரொம்ப நாள் சொன்னதில்லை. முதலில் சொன்னது என் மகளிடம்தான். அதுவும் ஒரு சண்டைக்கு நடுவில்.

2015 டிசம்பர். பேப்பரைத் திறந்தால் ஃபேஸ்புக் கம்பெனியின் முழுப்பக்க விளம்பரம். 'ஃப்ரீ பேசிக்ஸ்' என்று ஒரு திட்டம். ஏழைகளுக்கு இலவச இணையம். அந்த வருடம் பிப்ரவரியில் 'இன்டர்நெட் டாட் ஆர்க்' என்ற பெயரில் ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் மூலமாக ஆரம்பித்தபோது முதலில் கொடுத்த மாநிலங்களில் தமிழ்நாடும் உண்டு. போனில் ஃபேஸ்புக்கைத் திறந்தால் இதை ஆதரித்து 'ட்ராய்' ஆணையத்துக்குக் கடிதம் அனுப்பச் சொல்லி ஒரு பட்டன். நானும் அமுக்கப் போனேன். இலவசமாகக் கொடுத்தால் யாருக்கு என்ன கஷ்டம்? சென்னையிலிருந்து வந்திருந்த மகள் பார்த்துவிட்டாள். அவள் கம்ப்யூட்டர் வேலை.

"அப்பா, அதுல எந்த சைட் இலவசம், எது இல்லைன்னு முடிவு பண்றது யாரு? உங்க கவுண்டர்ல ஒருத்தர் தந்தி கொடுக்க வந்தா, எங்க கம்பெனிக்கு வேண்டியவங்களுக்கு எழுதினா சும்மா, மத்தவங்களுக்குன்னா காசுன்னு சொல்லுவீங்களா?"

நான் விடவில்லை. நாற்பது வருடம் சர்வீஸ் போட்டவன். "எங்கள்லயும் ஆர்டினரி, எக்ஸ்பிரஸ்னு இருந்துதே. எக்ஸ்பிரஸுக்கு டபுள் ரேட்டு. பத்திரிகைத் தந்திக்குக் குறைச்ச ரேட்டு. எல்லாம் ஒண்ணுன்னு யார் சொன்னா?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "அந்த ரேட்டெல்லாம் போர்டுல எழுதித் தொங்கிச்சா?"

"தொங்கிச்சு."

"டபுள் காசு கட்டினா யார் வேணும்னாலும் எக்ஸ்பிரஸ் அனுப்பலாமா?"

"அனுப்பலாம்."

"உள்ள என்ன எழுதியிருக்கு, யாரு அனுப்புறாங்கன்னு பார்த்து நீங்க ஒரு தந்தியை முன்னாடி விட்டு இன்னொண்ணை நிறுத்தி வச்சிருக்கீங்களா?"

அவளுக்கு ஒன்றும் தெரியாது. வாதத்துக்காகக் கேட்டாள். எனக்கு அந்த டிராயர்தான் கண் முன்னால் வந்தது. அன்றைக்குச் சொன்னேன். சொல்லி முடித்ததும் அவள் வாதத்தையே விட்டுவிட்டாள். அம்மா காபி கொண்டு வந்து வைத்தாள், ஆறிப்போனது.

அந்தப் பட்டனை நான் அமுக்கவில்லை. கட்டணப் பாகுபாடு பற்றி ட்ராய் மக்களிடம் எழுத்தில் கருத்துக் கேட்டிருந்தது. கேட்டதற்கு என் சொந்த வார்த்தையில், என் ஓட்டை இங்கிலீஷில், ஒரு பக்கம் எழுதி அனுப்பினேன். ஓய்வு பெற்ற தந்தி ஊழியன் என்று கீழே போட்டேன், அதில் ஒரு கர்வம். நான் மட்டுமா? அதற்கு முன்பு அந்த வருடம் ஏப்ரலிலேயே, இணையத்தில் பாகுபாடு கூடாது என்று பத்து லட்சத்துக்கும் மேல் மின்னஞ்சல்கள் ட்ராய்க்குப் போயிருந்தன. முக்கால்வாசி இளைஞர்களாகத்தான் இருக்கும். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எதிலும் அக்கறை இல்லை என்று சொல்கிற நம் வயதுக்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

2016 பிப்ரவரி 8-ல் முடிவு வந்தது. எந்த உள்ளடக்கம் என்று பார்த்து டேட்டாவுக்கு வேறு வேறு கட்டணம் வாங்கக் கூடாது. மீறினால் நாளொன்றுக்கு 50,000 ரூபாய், அதிகபட்சம் 50 லட்சம் அபராதம். அவசர காலத்துக்கு மட்டும் விலக்கு. அத்தனை பெரிய கம்பெனி இந்தியாவில் அந்தத் திட்டத்தைச் சுருட்டிக்கொண்டது. ஏழைக்கு என்ன வழி என்ற கேள்வி பாக்கி இருந்தது உண்மைதான். அந்த வருடம் செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலை அடிமட்டத்துக்குப் போனது வேறு கதை. அதிலும் பேச நிறைய இருக்கிறது, இன்னொரு நாள்.

ஆக, கம்பெனி விஷயத்தில் ஜெயித்துவிட்டோம் என்று நான் மகிழ்ச்சியாக இருந்தேன். அரசாங்கத்தின் டிராயரை மறந்துவிட்டேன். 2017 ஆகஸ்டில் இணையத்தை நிறுத்துவதற்கென்றே தனியாக விதிகள் கொண்டு வந்தார்கள். எந்தச் சட்டத்தின் கீழ்? நம்ம பழைய 1885 தந்திச் சட்டம், அதே 5-ஆவது பிரிவு. தந்தி 2013 ஜூலையிலேயே செத்துவிட்டது, தந்தியை நிறுத்தும் அதிகாரம் மட்டும் சாகவில்லை. அடுத்த வருடம் அது எங்கள் தெருவுக்கே வந்துவிட்டது.

அந்தக் காலத்தில் ஒரு தந்தியை நிறுத்த ஒரு ஆள் வேண்டும். அவன் கையால் எடுத்து வைக்க வேண்டும், வந்து கேட்கிறவர் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல வேண்டும். இப்போது மூன்று மாவட்டத்துக்கும் ஒரே உத்தரவு. கம்பெனிகள் நிறுத்திவிடுகின்றன. யாரும் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. வதந்தி உயிரைக் குடிக்கும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் அந்த நாட்களில் எங்கள் பக்கத்தில் நெட் இல்லாததால்தான் வதந்தி அதிகம் என்று நான் சொல்லுவேன். தூத்துக்குடியில் இருக்கும் என் பழைய சிநேகிதரை லேண்ட்லைனில் பிடித்துத்தான் எது உண்மை, எது பொய் என்று தெரிந்துகொண்டேன்.

தம்பிக்கு நான் சொன்ன பதில் இதுதான்: "எப்பம் வரும்னு எனக்குத் தெரியாது தம்பி. காத்திருக்க வேண்டாம், பிள்ளையைக் கூட்டிட்டு மாவட்டத்தைத் தாண்டிப் போயிருங்க." இரண்டு பேரும் சங்கரன்கோவில் வழியாக ராஜபாளையத்துக்குப் பஸ் ஏறினார்கள். அது விருதுநகர் மாவட்டம், அங்கே நெட் இருந்தது. ஒரு பிரவுசிங் சென்டரில் விண்ணப்பம் போட்டுவிட்டு இரவு பத்து மணிக்குத் திரும்பினார்கள். ஒரு நாள் மில் வருமானம் போச்சு என்று தம்பி சொன்னார். அந்தப் பெண்ணின் முகத்தில் சிரிப்பு. பஸ் ஏற முடியாத எத்தனை வீட்டில் எத்தனை பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்களோ.

மதுரை உயர்நீதிமன்றக் கிளைக்கு வழக்குப் போனது. சில நாட்களில் நெட் வந்துவிட்டது, நாங்களும் மறந்துவிட்டோம். மறுவருடம் ஆகஸ்டில் காஷ்மீரில் நிறுத்தினார்களே, அது சில நாட்களில் முடியவில்லை. அதிவேக 4ஜி திரும்பியது 2021 பிப்ரவரியில்தான். காஷ்மீர் டைம்ஸ் ஆசிரியர் அனுராதா பாசின் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 2020 ஜனவரி 10-ல் வந்த தீர்ப்பைப் பற்றி மகள் எடுத்துச் சொன்னாள். காலவரையில்லாமல் இணையத்தை நிறுத்தக் கூடாது, ஏழு வேலை நாளுக்கு ஒருமுறை மறு ஆய்வு செய்ய வேண்டும், நிறுத்தும் உத்தரவை வெளியிட வேண்டும், பாதிக்கப்பட்டவர் அதைக் காட்டி வழக்குப் போட வழி இருக்க வேண்டும். அந்த வழக்கிலேயே எல்லா உத்தரவுகளையும் அரசு நீதிமன்றத்தில் காட்டவில்லை என்பதையும் சொன்னாள். நீதிமன்றம் அன்றைக்கே நெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடவில்லை என்று அவளுக்குக் கோபம். எனக்கும் வருத்தம்தான். ஆனாலும் உத்தரவை வெளியிடு என்று படித்தபோது நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். என் இருபத்திரண்டாவது வயதில் என் வாயில் வராத வார்த்தை அது.

2023-ல் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் நிறைவேறியது. 1885 சட்டத்துக்குப் பதிலாக என்றார்கள். ஆவலாகத் தேடினேன். 5-ஆவது பிரிவு 20-ஆவது பிரிவு ஆகியிருக்கிறது. இன்னும் காரணத்தை எழுதித்தான் உத்தரவு போட வேண்டும் என்று இருக்கிறது.

அந்தப் பிள்ளை படித்து முடித்து இப்போது கோயம்புத்தூரில் வேலையில் இருக்கிறாள்.

2013 ஜூலை 14, தந்தியின் கடைசி நாள். நாட்டில் பல இடங்களில் கடைசித் தந்தி கொடுக்க ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். நான் அப்போது சர்வீசில்தான் இருந்தேன். நானும் ஒரு பாரம் வாங்கினேன். மூன்று நாள் தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டு ஒரு வரி எழுதினேன். முகவரி இடத்தில் மாட்டுங்கா என்ற ஒரு வார்த்தைதான் ஞாபகம் இருந்தது. பெயரும் இல்லை, வீட்டு எண்ணும் இல்லை. பாரத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அந்த அம்மா இருந்தால் இப்போது எண்பது வயது வாக்கில் இருக்கும்.