டிபன் பாக்ஸில் ஒரு வாழைப்பழ கேக்

வாழைத்தார் பழுக்க ஆரம்பித்தால் நான்கைந்து நாளில் எல்லாச் சீப்பும் பழுத்துவிடும். வீட்டில் இருப்பதோ நாங்கள் இரண்டு பேர். போன மாதம் கொல்லையில் வெட்டிய பூவன் தார், அக்கம்பக்கம் கொடுத்தது போக, ஒரு சீப்பு தோல் கறுத்துக் கிடந்தது.

முன்பானால் இந்த மாதிரிப் பழம் என் இல்லாள் கையில் அப்பமாகிவிடும். இரண்டு வருஷத்துக்கு முன் வந்த பக்கவாதத்தில் அவளுடைய வலது கை விழுந்துவிட்டது. அன்றிலிருந்து வல்லத்தில் எங்கள் வீட்டுச் சமையல் என் பொறுப்பு. புதுச்சேரி அரசில் 34 வருஷம் குமாஸ்தாவாக இருந்தவன், ரசம் வைக்கக் கற்றதே 72 வயதில்தான்.

"பழத்தைத் தூக்கிப் போடாதீங்க. பேத்தி வெச்சிட்டுப் போன பாட்டில் இருக்கே, அதைப் போட்டு கேக் பண்ணுங்க" என்றாள் நாற்காலியில் இருந்தபடி.

பாரிஸிலிருந்து பேத்தி கொண்டுவந்த நுடெல்லா அது. பாதாம் போன்ற ஹேசல்நட் கொட்டையும் கோகோவும் சேர்த்து அரைத்த விழுது. பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு அந்த வாசனை பழைய பழக்கம். பள்ளியில் மாலை நான்கு மணிச் சிற்றுண்டிக்குக் 'கூத்தே' என்று பெயர் (தெருக்கூத்து அல்ல!). வசதியான பிள்ளைகள் ரொட்டிக்குள் ஒரு துண்டு சாக்லேட் வைத்துத் தின்பார்கள். என் பங்கு வெறும் ரொட்டி.

வேடிக்கை என்னவென்றால், இந்த விழுதே இல்லாமையில் பிறந்ததுதான். இரண்டாம் உலகப் போருக்குப் பின் இத்தாலியில் கோகோ தட்டுப்பாடு. அல்பா என்ற ஊரில் மிட்டாய்க் கடை வைத்திருந்த பியெத்ரோ ஃபெரேரோ, அந்தப் பக்கம் தாராளமாக விளைந்த ஹேசல்நட்டை அரைத்துச் சேர்த்து 1946-ல் விற்றார். 1964-ல் அதற்கு நுடெல்லா என்று பெயர் வந்தது. வாழைப்பழ கேக் அமெரிக்காவில் பரவியதும் 1930-களின் பஞ்ச காலத்தில்தான். கனிந்த பழத்தை வீணாக்க மனம் வராத காலம்.

எங்களிடம் அவன் கிடையாது. அடிகனமான அலுமினியக் குண்டானில் இரண்டு விரல் உயரம் மணல் பரப்பி, மூடி, பத்து நிமிஷம் சூடாக்கினேன். நீளமான கேக் அச்சுக்கு எங்கே போவது? "பரண்மேல உங்க ஆபீஸ் டிபன் பாக்ஸ் இருக்கு" என்றாள். தினமும் அவள் சோறு கட்டிக் கொடுத்த எவர்சில்வர் டப்பா.

முதல் தடவை சப்பாத்தி மாவு போலப் பிசைந்து தள்ளிவிட்டேன். வெந்ததும் கல்லாகிவிட்டது. "செஞ்சிக் கோட்டையில ஒரு கல் குறைஞ்சா கொண்டு போய்க் கொடுங்க" என்று சிரித்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு கேட்ட சிரிப்பு.

மறுநாள் அவள் சொல்லச் சொல்லச் செய்தேன். வெண்ணெய் 75 கிராம், சர்க்கரை 75 கிராம் குழைத்து, இரண்டு முட்டை அடித்து ஊற்றி, மூன்று பூவன் பழம் மசித்துப் போட்டு, மைதா 150 கிராமும் அரை டீஸ்பூன் ஆப்ப சோடாவும் சலித்துச் சேர்த்தேன். மாவு மறையும் வரை கிளறினால் போதும். அதற்கு மேல் கிளறினால் மைதா ரப்பராகும். பூவனின் லேசான புளிப்பும் சோடாவும் சேர்ந்து குமிழ் விட்டு மாவை எழுப்பும். நெய் தடவிய டப்பாவில் பாதிக்குச் சற்று மேல் ஊற்றி, மூன்று ஸ்பூன் நுடெல்லாவைப் புள்ளி புள்ளியாக விட்டு, கத்தி நுனியால் இரண்டு இழுப்பு. டப்பாவைத் திறந்தபடி மணல்மேல் வைத்து, குண்டானை மூடி, சிறு தீயில் முக்கால் மணி நேரம். ஈர்க்குச்சியைக் குத்தினேன், மாவு ஒட்டவில்லை.

ஆறியதும் துண்டு போட்டேன். இடது கையால் எடுத்து மெதுவாகத் தின்றாள். இரண்டாவது துண்டையும் கேட்டு வாங்கினாள். பிறகு, "டப்பாவைக் கழுவ மறந்துடாதீங்க" என்றாள். 34 வருஷம் நான் ஆபீஸிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போது சொன்ன அதே வார்த்தை.

கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். பரணுக்கு இனி போகாது.

பழம் கறுத்தால் எறியாதீர்கள். செய்து பாருங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் சின்னத் துண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்; நானும் அப்படித்தான்.