வாப்பாவின் காதுக்குத் தனி வழி

வயதானவர்கள் இருக்கும் வீடுகளில் தொலைக்காட்சியின் சத்தம் ஒரு தகராறாகி விடுவது சகோதரிகள் பலருக்கும் தெரியும். எங்கள் வாப்பாவுக்கு 78 வயது. இரவுச் செய்தி தொடங்கினால் "கூட்டுங்கோ, கூட்டுங்கோ" என்பார். மகள் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு குசினிக்கு ஓடுவாள். பக்கத்து வீட்டார் ஒன்றும் சொல்லமாட்டார்கள்; ஜன்னலை மட்டும் சாத்திக்கொள்வார்கள்.

கொஞ்சக் காலத்தில் வாப்பா கூட்டச் சொல்வதையே விட்டுவிட்டார். படத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பார். எல்லோரும் சிரித்தால், சற்றுப் பிந்தித் தானும் சிரிப்பார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

காது டொக்டரிடம் காட்டினோம். முதுமையில் முதலில் மங்குவது ச, த போன்ற மெல்லிய ஓசைகளாம். அதனால் சத்தத்தைக் கூட்டினாலும் இரைச்சல்தான் கூடும், சொல் தெளியாது. சீமெந்துத் தரையும் வெறுஞ் சுவரும் எதிரொலித்து இன்னும் குழப்பிவிடும். ஒலி நேராகக் காதுக்கு வந்தால் அந்த எதிரொலித் தொல்லை இல்லை.

நானா ஒரு வயர்லெஸ் ஹெட்போன் வாங்கி வந்தார். எங்கள் டி.வி.யின் சத்தம் ஒரு ரிசீவர் வழியாகவே பெரிய ஸ்பீக்கர்களுக்குப் போகிறது. ஹெட்போனோடு வந்த சிறு பெட்டியை ரிசீவரின் முன்பக்கத் துளையில் அவர் செருகியதும் ஸ்பீக்கர்கள் ஊமையாகிவிட்டன. அநேகமான ரிசீவர்களின் அமைப்பே அதுதான். வாப்பாவுக்குக் கேட்டது, எங்களுக்குக் கேட்கவில்லை. பழைய கதையே தலைகீழாக!

வழி பின்பக்கத்தில் இருந்தது. 'டேப் அவுட்' என்ற சிவப்பு, வெள்ளைத் துளைகளில் பெட்டியை இணைத்தால் ஸ்பீக்கரும் பேசும், ஹெட்போனும் பேசும். ரிசீவரில் சத்தத்தை எவ்வளவு குறைத்தாலும் அங்கே வரும் ஒலி மாறாது. வாப்பா தன் காதுக்கேற்பத் தானே கூட்டிக்கொள்ளலாம்.

ஒரு சிக்கல் உண்டு. டி.வி.யிலிருந்து ரிசீவருக்கு ஒளி வயரோ எச்.டி.எம்.ஐ. வயரோ போயிருந்தால் பல ரிசீவர்களில் அந்தத் துளைகளுக்குச் சத்தம் வராது. டி.வி.யிலும் சிவப்பு, வெள்ளைத் துளைகள் இருந்தால் அந்த வயரையே பாவியுங்கள். இல்லாவிட்டால் ஒளி வயரின் சத்தத்தை மாற்றித் தரும் சிறு பெட்டி கடைகளில் இருக்கிறது. அதை இடையில் பூட்டி, டி.வி.யின் ஒலி அமைப்பை 'பி.சி.எம்.' என்று மாற்ற வேண்டும். ஸ்பீக்கர் வயரிலிருந்து மட்டும் ஒருபோதும் இணைப்பு எடுக்காதீர்கள், பெட்டி எரிந்துவிடலாம்.

எங்களுடையது ரேடியோ அலையில் இயங்குவது. வாப்பா தண்ணீர் குடிக்கக் குசினிக்குப் போனாலும் செய்தி தவறுவதில்லை. புளூடூத் வகையில் பேச்சு உதட்டுக்குப் பிந்தி வருவதுண்டு. உதட்டைப் பார்த்தே சொல்லைப் பிடிப்பவருக்கு அது பெரிய இடைஞ்சல்.

இரவில் அதைச் சார்ஜில் வைப்பது உம்மாவின் பொறுப்பு. இப்போது வாப்பா ஹெட்போன் மாட்டியிருப்பதை மறந்து எங்களோடு உரத்துப் பேசுகிறார். அதற்கு மட்டும் ரிசீவரின் பின்பக்கத்தில் துளை ஒன்றும் இல்லை.