இராமானுஜன் பட்டியலில் விடுபட்ட எண்

இராமானுஜன் என்றதும் எல்லோரும் 1729-க்கு ஓடிவிடுகிறோம். நான் சொல்லவந்தது வேறோர் எண்: 293318625600. படித்துப் பார்க்க மூச்சுப் பிடிக்க வேண்டும். 29331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600.

எங்கள் சிவகாசிப் பக்கத்தில் எண்ணிக்கை என்றாலே குரோசுதான். 144 தீப்பெட்டி ஒரு குரோசு. அதை மீதியின்றி வகுக்கும் காரணிகள் 15. ஆனால் அதனினும் சிறிய 120-க்கே 16 காரணிகள் இருக்கின்றனவே! பண்டலுக்கு 600 பெட்டி. 600-க்கு 24 காரணிகள். அந்தப் பெருமையையும் 360 முன்பே தட்டிக்கொண்டு போய்விடுகிறது. இப்படித் தனக்கு முந்திய எல்லா எண்களையும்விட அதிகக் காரணிகள் கொண்டதை மிகு பகு எண் என்போம். 12, 24, 36, 48, 60, 120 ஆகியன அவ்வகையின.

நம் எண்ணைப் பகா எண்களாகப் பிரித்தால் 2 ஆறு முறை, 3 நான்கு முறை, 5-ம் 7-ம் இரண்டிரண்டு முறை, 11, 13, 17, 19 ஒவ்வொரு முறை வரும். அடுக்குகள் படிப்படியாக இறங்குவதைக் கவனியுங்கள். மிகு பகு எண்ணில் அவை ஏறவே மாட்டா என்று இராமானுஜன் நிறுவினார். ஒரு காரணியை அமைக்கும்போது 2-ஐ விட்டுவிடலாம், அல்லது ஒன்று முதல் ஆறு முறை வரை எடுக்கலாம்; ஆக ஏழு வழிகள். அப்படியே 3-க்கு ஐந்து, 5-க்கும் 7-க்கும் மும்மூன்று, மற்ற நான்குக்கும் இரண்டிரண்டு. எல்லாம் பெருக்கினால் 5040 காரணிகள். வேடிக்கை என்னவென்றால், 5040-ம் ஒரு மிகு பகு எண்ணே!

தீப்பெட்டி ஆபீசுக்குப் போய் என்னைப் படிக்கவைக்கும் அம்மாவிடம் இதைச் சொன்னேன். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என்னதான் படிக்கிறேன் என்று அவர் தெரிந்துகொள்ள வேண்டாமா?

"எய்யா, அது எத்தனை குரோசு வரும்?" என்றார்.

கணக்கிட்டேன். 203 கோடியே 69 லட்சத்து 34 ஆயிரத்து 900 குரோசு. மீதி இல்லை. "அப்போ பண்டலுக்கும் சரியா வருமா?" என்றார். வந்தது.

1915-இல் லண்டன் கணிதக் கழகத்தின் ஏட்டில் வெளியான கட்டுரையில் இராமானுஜன் 102 மிகு பகு எண்களைப் பட்டியலிட்டார். கணிப்பொறி இல்லாத காலம். அதில் விடுபட்டுப்போன எண்தான் இந்த 293318625600. ஆயினும் இதை 23-ஆல் பெருக்குங்கள்: 6746328388800. அவர் பட்டியலின் கடைசி எண் அதுவே!

கும்பகோணம் அரசினர் கல்லூரியில் கணிதம் தவிர மற்றப் பாடங்களைக் கைவிட்டு உதவித்தொகையை இழந்தவர் அவர். எஃப்.ஏ. தேர்விலும் தேறவில்லை. அவருக்கு 1916 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் பி.ஏ. பட்டம் வழங்கியது, இந்த மிகு பகு எண்களைப் பற்றிய ஆய்வுக்காக.