அரம் தொடாத இடம்

இத்தாலியின் பிரெஷா நகரிலிருந்து வடக்கே போகும் சாலை மெல்லா ஆற்றை விட்டு விலகுவதே இல்லை. இரண்டு பக்கமும் மலை. வால் த்ரொம்பியா என்ற இந்தப் பள்ளத்தாக்கில் கர்தோனே என்ற ஊர் வந்ததும் வீடு எது, பட்டறை எது என்று பிரிக்க முடியவில்லை. மேலே மலையில் இரும்புத் தாது, காட்டில் விறகுக்கரி, சம்மட்டியை ஓட்ட ஆற்றுத் தண்ணீர் என்று எல்லாமே பக்கத்தில் கிடைத்ததால் இங்கே துப்பாக்கிக் குழல் அடிக்கும் தொழில் வேரூன்றியது. 1526இல் வெனிஸின் படைக்கலச் சாலை பார்த்தொலோமியோ பெரெட்டா என்பவரிடம் 185 குழல்கள் வாங்கி 296 டுக்காட் கொடுத்ததற்கான ஆவணம் இன்றும் இருக்கிறது. வகுத்துப் பார்த்தால் குழல் ஒன்றுக்கு 1.6 டுக்காட். அந்தக் குடும்பத்து நிறுவனம் இதே ஊரில்தான் இன்றும் நடக்கிறது.

பெரிய ஆலையைப் பார்க்க நான் போகவில்லை. கோவையில் டூல் ரூமில் வேலை பார்த்தவனுக்கு சி.என்.சி. மெஷின் எந்த ஊரிலும் ஒன்றுதான். புதிதாக வாங்கிய கைத்துப்பாக்கி ஒன்றை, கை தேர்ந்த ஃபிட்டர் எப்படிச் சோதிக்கிறார் என்று பார்க்க ஆசை. பிரெஷாவில் வேலை செய்யும் நண்பர் மொழிபெயர்க்க வந்தார். பட்டறைக்காரருக்கு எழுபது வயதை ஒட்டி இருக்கும். ஆலையில் இருந்து ஓய்வு பெற்று, வீட்டின் கீழ்த்தளத்தில் பழுது பார்க்கிறார்.

குறிசுடும் போட்டிகளுக்குப் போகும் இளைஞர் ஒருவர் புதுத் துப்பாக்கியோடு காத்திருந்தார். எந்த நிறுவனத்தின் தயாரிப்பு என்பது இங்கே வேண்டாம். ஆட்டினால் கடகடவென்று சத்தம் வருகிறது, உள்ளே கட்டர் ஓடிய கோடுகள் தெரிகின்றன, ஸ்பிரிங்கைத் தாங்கும் கம்பி பிளாஸ்டிக் என்று அவருக்கு மனக்குறை. கொடுத்த காசு வீண் என்றே முடிவு கட்டிவிட்டிருந்தார்.

பெரியவர் பதிலே சொல்லவில்லை. மேகசினைக் கழற்றினார், குழலை மூடியிருக்கும் ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்தார், அறைக்குள் தோட்டா இல்லை என்று கண்ணால் பார்த்தது போதாமல் சுண்டுவிரலையும் விட்டுத் தடவினார். அதற்குப் பிறகுதான் பேச்சு. "ஆடுகிற ஸ்லைடு சேற்றிலும் ஓடும். இறுக்கமாக இருப்பது சுத்தமான மேடையில் மட்டும்தான் நன்றாக ஓடும். உங்களுக்கு எது வேண்டும்?" கட்டர் கோடுகளை அவர் பொருட்படுத்தவே இல்லை. உலோகம் உலோகத்தைத் தொடாத இடத்தில் கோடு இருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? பிளாஸ்டிக் கம்பி துருப்பிடிக்காது என்பதோடு அந்தப் பேச்சும் முடிந்தது.

அவர் கண் போன இடங்கள் வேறு. தோட்டா மேகசினிலிருந்து அறைக்கு ஏறும் சரிவில் நகத்தை ஓட்டினார். அங்கே பிசிறு இருந்தால் தோட்டா சிக்கும். மேகசினின் மேல் விளிம்புகள் இரண்டும் ஒரே அளவு வளைந்திருக்கின்றனவா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சுடாமல் நின்றுபோகும் துப்பாக்கிகளில் பாதிக்கு மேல் மேகசின்தான் குற்றவாளி என்றார். என் அனுபவத்தில் அச்சு இயந்திரத்துக்கும் இது பொருந்தும். தாள் ஊட்டும் இடத்தில்தான் எப்போதும் சண்டை.

பிறகு செய்தது எனக்கு நன்றாகவே தெரிந்த வேலை. குழலின் மேல் இருக்கும் பூட்டு வரம்புகள் இரண்டிலும் மெல்லிசாகப் பிரஷியன் புளூவைப் பூசி, ஸ்லைடை மாட்டி, பலமுறை இழுத்து விட்டுக் கழற்றினார். நம் ஊர் டூல் ரூமில் டைகள் பொருந்துவதைப் பார்க்க இதைத்தான் செய்வோம். உலோகம் உலோகத்தைத் தொட்ட இடத்தில் நீலம் அழியும். முன் வரம்பில் அது முழு அகலத்துக்கும் அழிந்திருந்தது. பின் வரம்பில் இடது ஓரம் மட்டும்.

அரத்தை எடுப்பார் என்று காத்திருந்தேன். எடுக்கவில்லை. "ஐந்நூறு தோட்டா சுட்டுவிட்டு வாருங்கள், தானே படியும். அப்போதும் படியாவிட்டால் பார்க்கலாம்." விசையை மென்மையாக்கித் தரும்படி இளைஞர் கேட்டதற்கும் மறுத்துவிட்டார். ஹேமரைப் பிடித்து நிறுத்தும் சியர் என்ற கொக்கிக்கு மேல்தோல்தான் கடினம். பளபளப்பாக்குகிறேன் என்று அந்தத் தோலைத் தாண்டித் தேய்த்தால் உள்ளே மெத்தென்ற இரும்பு வந்துவிடும். சில நாள் விசை வெண்ணெயாக இருக்கும். பிறகு ஒருநாள் ஹேமர் தானாக விழும். அங்கே நான் கண்ட கைத்திறனில் பெரிய பங்கு, அரத்தை மேசையிலேயே விட்டு வைத்ததுதான். கூலியும் வாங்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

இந்த ஊரில்தான் இத்தாலியின் தேசியச் சோதனைச் சாலையும் இருக்கிறது, 1910இல் அமைந்தது. வழக்கத்தைவிட 30 சதவீதம் கூடுதல் அழுத்தம் தரும் தோட்டாவை வைத்துக் கைத்துப்பாக்கியைச் சுட்டுப் பார்த்து, தாங்கினால் முத்திரை குத்துவார்கள். 9 மி.மீ. பாராபெல்லம் தோட்டாவுக்கு வழக்கமான உச்ச அழுத்தமே 2,350 பார். முத்திரையோடு இருக்கும் இரண்டு எழுத்துகளைக் கொண்டு சோதித்த ஆண்டைத் தெரிந்துகொள்ளலாம். சுடுகிறவர் கையில் வெடிக்காது என்பதற்கு மட்டும் அது சாட்சி. நன்றாகச் செய்ததா, யாரைச் சுடும் என்பதெல்லாம் அதன் கணக்கில் வராது. 1948 ஜனவரி 30 அன்று காந்தியைச் சுட்ட துப்பாக்கியும் பெரெட்டாதான், வரிசை எண் 606824. மூன்று முறை விசை இழுக்கப்பட்டது, மூன்று முறையும் சுட்டது. ஃபிட்டர் கணக்கில் அது குறையில்லாத வேலை. இதை அங்கே நான் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது?

ரைஃபிள் கிளப்பில் சேர்ந்து, உரிமம் எடுத்து, புதுத் துப்பாக்கி வாங்கப் போகிறவர்கள் மேல்பூச்சைப் பார்த்து மயங்க வேண்டாம். கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். சோதனை முத்திரையையும் மேகசின் விளிம்பையும் பாருங்கள். விசையை மென்மையாக்கித் தருகிறேன் என்று அரத்தோடு வருகிறவரிடம் மட்டும் கொடுக்காதீர்கள்.