ஏரியைக் கடந்து கோடம்பாக்கம்

உதகமண்டலத்துக்கும் கொடைக்கானலுக்கும் போய்வருவதுதான் விடுமுறை என்று எண்ணுகிறவர்களிடம், மயிலாப்பூரிலிருந்து கோடம்பாக்கத்துக்குச் சைக்கிளில் போனோம் என்றால் சிரிப்பார்கள். மொத்தத் தூரம் ஆறேழு கிலோமீட்டர். ஆனால் எங்கள் பாட்டனார் கோடம்பாக்கத்துப் புலியூரை விட்டு மயிலாப்பூரில் குடியேறிய பிறகு, எங்கள் குடும்பம் அந்த ஆறேழு கிலோமீட்டரைக் கடக்காமலே இரண்டு தலைமுறையைக் கழித்துவிட்டது. கல்யாணப் பத்திரிகைகள் தபாலில் போயின, மனிதர்கள் போகவில்லை. பாட்டனாரின் தங்கை, எங்களுக்கு அத்தைப் பாட்டி, பூர்விக வீட்டை விற்கப்போகிறார் என்ற செய்தி மார்கழியில் வந்தது. சித்திரையில் வீடு கைமாறுகிறது. பார்க்க விரும்புகிறவர்கள் அதற்குள் வரலாம் என்று சொல்லியனுப்பியிருந்தார்.

காணும் பொங்கல் என்பது பெரியோர்களைக் காணும் நாள். பட்டணத்து ஜனங்கள் அதைக் கடலைக் காணும் நாளாக மாற்றிக்கொண்டு மெரினாவுக்குத் திரளுகிறார்கள். நாங்கள் நால்வர், தமையனும் தம்பியும் இரண்டு பிள்ளைகளும், விடியற்காலையில் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மேற்கே மிதித்தோம்.

சேமியர்ஸ் சாலை வழியாக நந்தனத்தை அடைந்து அண்ணா சாலையைக் கடந்தால் வெங்கடநாராயணா சாலை. 100 வருஷங்களுக்கு முன்பு இந்தப் பக்கம் வருகிறவனுக்குச் சைக்கிள் உபயோகப்பட்டிராது, ஓடம் வேண்டியிருக்கும். நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரையில் நீண்டு கிடந்தது மயிலாப்பூர் ஏரி. வீட்டுமனைகளுக்காக 1920-களில் அதை வற்றச் செய்து தியாகராய நகரை எழுப்பினார்கள். இந்தச் சாலையில்தான் தக்கர் பாபா வித்தியாலயம் இருக்கிறது. ஒடுக்கப்பட்ட வகுப்பினரின் பிள்ளைகளுக்குத் தொழிற்கல்வி தருவதற்காக ஏற்பட்ட ஸ்தாபனம். 1946-இல் மகாத்மா காந்தி அதற்கு அடிக்கல் நாட்டினார். வாசலில் சற்று நின்று இந்த விவரங்களைச் சொன்னோம். "அப்படியானால் காந்தி ஏரிக்குள்ளேயா கல் நாட்டினார்?" என்று சின்னவன் கேட்டான். விஷமக் கேள்விதான், ஆனாலும் பூகோளம் சரி.

ஏரி போய்விட்டாலும் அதன் பெயர்கள் போகவில்லை. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது. லேக்கும் இல்லை, வியூவும் இல்லை. நுங்கம்பாக்கத்தில் டேங்க் பண்ட் ரோடு இருக்கிறது. 1976-இல் எழுந்த வள்ளுவர் கோட்டமும் ஏரி இருந்த இடத்தில்தான் நிற்கிறது.

பனகல் பூங்காவைச் சுற்றிக்கொண்டு வடக்கு உஸ்மான் சாலை வழியே போனால் கோடம்பாக்கம் மேம்பாலம். எங்கள் பிரயாணத்தில் மலையென்று சொல்லத்தக்கது அது ஒன்றே. பெரியவர்கள் இறங்கித் தள்ளினோம்; பிள்ளைகள் பரிகாசம் செய்துகொண்டே மிதித்து ஏறினார்கள். கீழே ஓடுகிற ரயில் பாதையில் 1931-இலேயே மின்சார ரயில் வந்துவிட்டது. பாலம் வருவதற்கு முன்பு இங்கே லெவல் கிராஸிங் இருந்தது. ஏவி.எம். ஸ்டூடியோ 1948-இல் காரைக்குடியிலிருந்து ஆற்காடு சாலைக்கு வந்தது; வாஹினியும் எழுந்தது. அப்புறம் கேட் மூடும் வேளையில் நட்சத்திரங்களின் கார்கள் நிற்கும் என்று ஜனங்கள் வந்து காத்திருப்பார்களாம்.

கோடம்பாக்கம் என்ற பெயருக்கு ஒரு கதை வழங்குகிறது. ஆற்காட்டு நவாபின் குதிரை லாயங்கள் இங்கே இருந்தனவாம். 'கோடா பாக்', அதாவது குதிரைத் தோட்டம் என்பதே கோடம்பாக்கமாகத் திரிந்ததாம். நவாபிடம் நமக்கு விரோதம் கிடையாது. ஆயினும் அவர் சேப்பாக்கத்தில் மாளிகை கட்டியது 1768-இல். பக்கத்து நுங்கம்பாக்கமோ 11-ஆம் நூற்றாண்டில், ராஜேந்திர சோழனின் திருவாலங்காட்டுச் செப்பேட்டிலேயே இடம்பெற்றுவிட்டது. மீனம்பாக்கம், வில்லிவாக்கம் என்று பாக்கங்கள் மலிந்த சீமையில் இந்த ஒரு பாக்கத்துக்கு மட்டும் பெயர் வைக்கக் குதிரை வரவேண்டுமா? வேண்டாம் என்பது எங்கள் கட்சி.

தொண்டைமண்டலத்தின் 24 கோட்டங்களில் புலியூர்க் கோட்டம் ஒன்று. அந்தப் புலியூர் இன்று கோடம்பாக்கத்துக்குள் அடங்கிய சில தெருக்கள். பரத்வாஜ முனிவர் வழிபட்டதாகச் சொல்லும் பரத்வாஜேசுவரர் கோயிலில் தரிசனம் முடித்துக்கொண்டு, விசாரித்து விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தோம். இரு பக்கமும் அடுக்குமாடிக் கட்டிடங்கள். நடுவே ஒரு திண்ணை. திண்ணையில் அத்தைப் பாட்டி.

"சைக்கிளிலா வந்தீர்கள்? உங்கள் தாத்தாவும் இப்படித்தான் போனான், கேரியரில் டிரங்குப் பெட்டியைக் கட்டிக்கொண்டு" என்றார்.

காபி ஆனதும் உள்ளே போய் ஒரு துணிப் பையைக் கொண்டுவந்து தமையனாரிடம் கொடுத்தார். பழைய முத்திரைத்தாள். எங்கள் பாட்டனார் தம் பங்கைத் தங்கைக்கே விட்டுக்கொடுத்து எழுதிய விடுதலைப் பத்திரம். பணம் ஒன்றும் பெற்றுக்கொள்ளவில்லை என்று எழுதியிருந்தது. சிறு வயதில் கைம்பெண்ணான தங்கைக்கு ஒரு கூரை இருக்கட்டும் என்று நினைத்திருக்கிறார். இதைப் பற்றி அவர் மயிலாப்பூரில் ஒருவரிடமும் பேசியதில்லை. "எழுதிக் கொடுத்த வீட்டில் வந்து உட்கார்ந்தால் எனக்குக் கூச்சமாக இருக்கும் என்று அவனே வருவதை நிறுத்திக்கொண்டான். எனக்கு என்ன கூச்சம்? வரச்சொல்லி எத்தனை கடுதாசி போட்டேன்!" என்று பாட்டி சொன்னபோது தமையனார் பத்திரத்தை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார்.

பத்திரத்தின் நான்கெல்லையில் கிழக்கே வாய்க்கால் என்று கண்டிருந்தது. கிழக்கே இப்போது ஐந்து மாடி வீடு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வந்தது என்று கேட்டோம். "பத்திரத்தில் எழுதியிருக்கிறபடிதான் வந்தது" என்றார் பாட்டி. முழங்கால் அளவு நீரில் இரண்டு இரவு பரண் ஏணியில் உட்கார்ந்திருந்தாராம். அதற்குப் பிறகுதான் விற்கும் எண்ணமே வந்தது.

நாங்கள் எல்லோரும் சேர்ந்து வீட்டை வைத்துக்கொள்ளலாமே என்று தமையனார் மெல்லத் தொடங்கினார். பாட்டி கேட்கவில்லை. முன்பணம் வாங்கியாகிவிட்டது, சொன்ன சொல் சொன்னதுதான்.

புறப்படும்போது கிணற்று ராட்டினத்தைக் கழற்றிச் சின்னவனின் கேரியரில் கயிறு போட்டுக் கட்டச் சொன்னார். "சித்திரைக்கு மேல் வளசரவாக்கத்தில் மகள் வீட்டில் இருப்பேன். ஆற்காடு சாலையிலேயே நேராக வரலாம். மெட்ரோ ரயிலுக்குத் தோண்டிப் போட்டிருக்கிற இடத்தில் மட்டும் இறங்கித் தள்ளிக்கொண்டு வாருங்கள்" என்றார்.